பம்பாய்க்குப் போனவர்

பேரத்தில் முதலில் வாயைத் திறக்கக் கூடாது என்பதில் இசக்கியம்மாள் கண்டிப்பானவள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தாள். புடவையோடு வந்து நிற்கிறவள் ரவிக்கைத் துணியைத் தடவிப் பார்த்து "மீட்டர் என்ன விலை?" என்று கேட்டால் உடனே சொல்லிவிட மாட்டாள். புடவையை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பாள், முந்தானையைப் புரட்டுவாள், "எங்க எடுத்தீய? நல்லா இருக்கே" என்பாள். அதற்குள், வந்தவள் எதுவரைக்கும் ஏறுவாள் என்பது அவள் முகத்திலேயே நோட்டீஸ் ஒட்டினாற்போல் தெரிந்துவிடும். விலை அப்புறம்தான் வெளியே வரும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ராம்குமாரால் வந்தது.

ராம்குமார், மகள் சந்திரிகாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு லேத் பட்டறை, நங்கநல்லூரில் வாடகை வீடு. அம்மா தேவானையைத் தவிர வேறு பிக்கல் பிடுங்கல் கிடையாது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று வாய்வார்த்தையும் ஆகிவிட்டது. எதிலும் லேசில் திருப்திப்படாத சந்திரிகாவே, "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தம் பேசிக் கொடுத்த தரகரின் மனைவியை அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று இசக்கியம்மாள் பார்க்கப் போனாள். வாசலில் வாட்ச்மேன் கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்தான். ராம்குமாரும் ஆப்பிள் பையோடு வந்து சேர்ந்தான். வந்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டான்.

"என்ன அத்தை, மனு நேரம் இன்னும் ஆரம்பிக்கலியா?"

ஆஸ்பத்திரியில் அதற்கு விசிட்டர் டைம் என்று பெயர். பார்க்கிற நேரம் என்பார்கள். மனு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனு என்றால் ஊர் உலகத்துக்குத் தாலுகா ஆபீஸ் சமாச்சாரம். போய்ப் பார்ப்பதற்கே மனு என்று பெயர் வைத்திருக்கும் இடம் ஜெயில். உள்ளே இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துக் கொடுத்து, அந்தச் சந்திப்புக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 'மனு பாக்க வந்தியளா?' 'மனு முடிஞ்சிட்டா?' அந்த வாசலில் வெயில் காய்ந்தவர்கள் மட்டும் பேசுகிற பேச்சு அது.

இசக்கியம்மாள் காய்ந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில். புருஷன் ஜவஹருக்காக.

அது ஒன்றும் பெரிய கதை இல்லை. ஊரில் ஜவஹருக்கு ஜவுளிக்கடை. பக்கத்துக் கடைக்காரன் கல்லைப் போட்டுச் சாக்கடையை அடைத்தான். இவர் கேட்கப் போனார். அவன் ஒரு வார்த்தை விட, இவர் பிடித்துத் தள்ள, அவன் தான் போட்ட கல்லிலேயே தலை மோத விழுந்தான். மறுநாள் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஜவஹர் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. போலீஸ்காரன் "அக்யூஸ்டு" என்றான். கோர்ட்டில் "எதிரி" என்று எழுதினார்கள். யாருக்கு எதிரி என்று இசக்கியம்மாள் வக்கீலைக் கேட்டாள். "அது அப்படித்தாம்மா எழுதுவாங்க" என்றார் அவர். தீர்ப்பு வரும்வரை விசாரணைக் கைதி, வந்த பிறகு தண்டனைக் கைதி. தெருவில் "உள்ள இருக்கான்" என்றார்கள். அதிலே ஒரு மரியாதைக்காரர் "உள்ள இருக்காரு" என்றார். சின்னப் பயல்கள் "களி திங்கப் போயிருக்காரு" என்று சிரித்தார்கள். ஒரு மனுஷனுக்கு இத்தனை பெயர். ஒரு புடவைக்கு ஒன்பது சிவப்பை எடுத்துப் போட்டும் ஒன்றும் சேராத மாதிரி, அவளுக்கு எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் தன் கையாலேயே ஒன்றைக் கத்தரித்துக்கொண்டாள். பம்பாய்.

பெண்ணைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்கு வந்தாள். யார் கேட்டாலும், "அவிய பம்பாயில இருக்காவ, துணி ஏவாரம்." சந்திரிகாவுக்கும் அதேதான். ஜவஹர் வெளியே வந்தபோது, திருநெல்வேலி ரயிலில் எழும்பூரில் இறங்கியவரை ஆட்டோவில் சென்ட்ரலுக்கு அழைத்துப்போய், பம்பாய் மெயில் வருகிற பிளாட்பாரத்தில் நிறுத்தி, பெண்ணை அங்கே வரவழைத்துக் காட்டினாள். அவர் கையில் பர்மா பஜாரில் வாங்கிய ஃபாரின் டார்ச் வேறு. சரக்கு போலி என்றாலும் பேக்கிங் சரியாக இருக்க வேண்டும் என்பது அவள் தொழில் சுத்தம்.

அன்று முதல் ஜவஹர் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறார். பேச்சு குறைவு. மகளும் அப்பாவிடம் அதிகம் பேச மாட்டாள். சாப்பாடு போட்டாயிற்று, கரண்ட் பில் கட்டியாயிற்று என்கிற அளவோடு சரி. வயசுப் பெண்ணுக்குக் கூச்சம் என்று இசக்கியம்மாள் கணக்கு வைத்திருந்தாள். ஜவஹரிடம் ஒரே ஒரு பிடிவாதம். கடை ஷட்டர் இறங்கும்போது அவர் உள்ளே நிற்க மாட்டார். மதியம் சாப்பிடுவதற்காகப் பாதி ஷட்டரை இறக்கினாலும், தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஆக, ராம்குமார் மனு என்றதும் இசக்கியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பயல் எந்த வாசலில் நின்றான்? வெளியிலா, உள்ளேயா? திருட்டா, அடிதடியா, பெண் விவகாரமா? கேட்கவும் முடியாது. 'அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று இவள் கேட்டால், 'உங்களுக்கு எப்படி?' என்று அவன் திருப்புவான். முதலில் வாயைத் திறக்கிறவர் மாட்டிக்கொள்கிற பேரம்.

பஸ் பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போய், பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் டீ குடித்தபடி விசாரித்தாள். நல்ல பையன், நேரத்துக்கு வேலை முடிப்பான் என்றார்கள். இவ்வளவு நல்ல பெயர் எதற்கு என்று அதிலும் ஒரு சந்தேகம். பெண் பார்க்க வந்த அன்று நடந்ததையும் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். தேவானையிடம், "வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தாவ?" என்று கேட்டபோது, "கவர்மென்டு" என்றாள். "எந்த டிபார்ட்மென்டு?" என்றதற்கு, "திருநெல்வேலிலதான்" என்று பதில் வந்தது. டிபார்ட்மென்டைக் கேட்டால் ஊரைச் சொல்கிறாள். அன்றைக்குப் பஜ்ஜி சூட்டில் அது காதில் விழுந்தும் விழாமல் போயிருந்தது.

வியாழக்கிழமை மதியம், நிச்சயதார்த்தப் புடவைக்கு ரவிக்கைத் துணி பார்க்கத் தேவானையும் ராம்குமாரும் கடைக்கே வந்தார்கள். வாசல் ஓரத்தில் ஷரஃபுதீன் தன் மெஷினைப் போட்டுக்கொண்டு யாருடைய புடவைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஜவஹர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து லைனிங் துணி வெட்டிக்கொண்டிருந்தார். இசக்கியம்மாள் முடிவெடுத்துவிட்டாள். நேராகக் கேட்க வேண்டியதில்லை. விலை போட்டுப் பார்க்கிற மாதிரி, வார்த்தையைப் போட்டுப் பார்த்தால் போதும். எதற்கு முகம் சுருங்குகிறது என்று கவனித்தால் ஆள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக விரித்தபடியே ஆரம்பித்தாள். "பேப்பர் பாத்தியளா மதினி? ஏதோ தலைவர் பொறந்த நாளாம். கைதியள எல்லாம் கும்பலா விடப்போறாவளாம்."

"அப்பிடியா" என்றாள் தேவானை. "இது அடர்த்தியாத் தெரியுதே. மயில்கழுத்துக் கலர்ல இருக்கா?"

ராம்குமாரின் முகம் துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. சரி, கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

"கொலகாரன், களவாணி எல்லாவனும் இனிம உஸ்மான் ரோட்டுலதான் சுத்துவான். நாமதான் பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு பயப்படணும்."

மெஷினை நிறுத்தாமலே ஷரஃபுதீன் தலையை நீட்டினார். "இப்ப மட்டும் சுத்தாமயா கீறானுங்கக்கா? எங்க ஐஸ்அவுஸ் பக்கம் அக்யூஸ்டுன்னா செல்லப் பேரு. என் மச்சான் ஒருத்தன் போய்க்கினு வந்துக்கினுதான் கீறான். அவன் பொஞ்சாதி, மாமியா வூட்டுக்குப் போய்க்கீறாருன்னு சிரிச்சிக்கினே சொல்லும்."

"சிரிச்சுக்கிட்டேவா?" என்றான் ராம்குமார்.

கடைக்குள் வந்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. இசக்கியம்மாளுக்கு மீன் தூண்டிலைத் தொட்டது போலிருந்தது.

"அய்தா மட்டும் வுட்ருவானா நைனா?" என்றார் ஷரஃபுதீன்.

இதுதான் சமயம் என்று இசக்கியம்மாள் கண்ணை ராம்குமார் மேல் வைத்துக்கொண்டு, கேள்வியை ஷரஃபுதீன் பக்கம் வீசினாள். "ஏன் பாய், ஒங்க மச்சான் ரிமாண்டா, தண்டனையா? ரிமாண்டுன்னா வீட்டுச் சோறு குடுக்கவாது எழுதிக் கேக்கலாம்லா."

சொல்லி முடிப்பதற்குள் தேவானையின் கை துணி மேல் அப்படியே நின்றது. பின்னால் கத்தரி வெட்டுகிற சத்தமும் நின்றது.

துணி வாங்க வருகிறவள் என்ன விலை என்று கேட்பாள். எந்த மில், எத்தனாம் நம்பர் நூல், சாயம் எங்கே போட்டது என்று கேட்டால் அவளும் ஒரு கடைக்காரி, வேவு பார்க்க வந்தவள். எத்தனையோ பேரை இசக்கியம்மாள் இப்படித்தான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். இன்றைக்கு அவளே வாயைக் கொடுத்து, தானும் அந்தச் சரக்கில் புழங்கினவள் என்று காட்டிக்கொண்டுவிட்டாள்.

தேவானை பச்சைத் துணியை மெதுவாக மடித்து வைத்தாள். "பாய், கோவிச்சுக்காம நாலு டீ சொல்லிட்டு வாரியளா?"

ஷரஃபுதீன் கடைக்காரியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"மதினி, கேக்கணும்னா நேராக் கேளுங்க" என்றாள் தேவானை.

"நான் என்னத்தக் கேக்கப் போறேன்."

"எம்மவன் உள்ள இருந்தவனான்னு."

இசக்கியம்மாள் விரித்த துணியை நீவிவிட்டாள். இன்னமும் எதிராளி வாயிலிருந்தே வரட்டும் என்கிற பழக்கம்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில இவன் மனுன்னுட்டான். ஒங்க மொகம் மாறிட்டு. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லுதான், 'அம்மா, அத்தைக்கு அர்த்தம் புரிஞ்சுபோச்சு, என்னையச் சந்தேகப்படுதாவ'ன்னு." தேவானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் ஜெயில் வார்டரு. குவார்ட்டர்ஸ்லதான் இவன் வளந்தது. பள்ளிக்கூடத்துல வாத்தியாரப் பாக்கப் போனாலும் இவனுக்கு மனுதான். அவிய அப்பா சாயங்காலம் வந்ததும், இன்னைக்கு இத்தன உருப்படி வெளிய, இத்தன உருப்படி உள்ளன்னு சொல்லுவாரு. மனுசனப் போய் உருப்படிங்கியளேன்னு நான் சண்ட போடுவேன்."

"அப்ப எதுக்கு டிபார்ட்மென்ட மறைச்சீய?" இசக்கியம்மாளுக்குக் குரல் வந்துவிட்டது. எதிராளி கையில் ஒரு குறை கண்டால் வருகிற குரல்.

"ஜெயில் வார்டரு வீடுன்னு சொன்னதும் ரெண்டு எடம் தட்டிப்போச்சு. அங்கனயே கெடந்தவரு, அவர் புத்தியும் அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னாவளாம். காவலுக்கு நின்னவரும் பாதி ஆயுசு உள்ளதான மதினி இருந்தாரு. அவருக்கு மட்டும் நல்ல பேராவா வச்சாவ?"

இசக்கியம்மாளுக்கு மூச்சு வந்தது. பையன் உள்ளே போனவன் இல்லை. முக்கால் பாரம் இறங்கியது போலிருந்தது. அந்த மூச்சை விடுவதற்குள் அடுத்தது வந்து இடித்தது. திருநெல்வேலி என்றாள் அன்றைக்கு. இன்றைக்கு வார்டர் என்கிறாள். அப்படியானால் பாளையங்கோட்டை. எந்த வருஷம்? திரும்பிப் பின்னால் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ராம்குமார் பார்த்தான். ஸ்டூலில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். "பொண்ணு பாக்க வந்த மொத நாளே மாமாவ எனக்கு அடையாளம் தெரிஞ்சிட்டு, அத்தை" என்றான். "வெளி வேலைக்கு அப்பா கூட்டிட்டு வருவாங்க. எங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல முருங்க வச்சது மாமாதான். மரம் காய்ச்சதும் அம்மா சாம்பார் வச்சாங்க. கொண்டு குடுக்க அப்பா விடல, ரூல் கெடையாதுன்னு."

ஜவஹர் கத்தரியைக் கீழே வைத்தார். "காய்ச்சுதா அது?" என்று கேட்டார்.

"நல்லாக் காய்ச்சுது மாமா."

இசக்கியம்மாளின் மனசு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எழுந்து போகவில்லை. காபி குடித்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், சரி என்றார்கள். துணியில் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகும் கீழே வைக்காமல் நிற்கிற கஸ்டமர் எதற்கு நிற்பாள்? குறைத்துக் கேட்கத்தான். நகையா, சீரா, பட்டறைக்கு முதலா? கழுத்தில் கிடந்த செயின் மேல் அவள் கை தானாகப் போனது.

"நேராவே சொல்லுங்க மதினி. என்ன எதிர்பாக்கிய?"

"ஒண்ணு இருக்கு" என்றாள் தேவானை.

வந்தாயிற்று என்று நினைத்தாள் இசக்கியம்மாள்.

"சந்திரிகாவுக்கு இது தெரியுமா?"

"எது?"

"அண்ணாச்சி எங்க இருந்தாவன்னு."

"தெரியாது. பம்பாய்னு சொல்லி வச்சிருக்கேன்."

"தெரியணும். நாங்க சொல்ல மாட்டோம். நீங்கதான் சொல்லணும். கட்டினவளுக்கு அவ அப்பாவப் பத்தித் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருந்தா, தெனமும் அவ மூஞ்சியப் பாத்து எப்பிடிம்மா சோறு திங்கன்னு இவன் கேக்கான். சொல்லுங்க. பெறவும் அவ சரின்னா நிச்சயம் வச்சுக்குவோம்."

இசக்கியம்மாள் திகைத்துப்போனாள். நகை என்றால் பேசி இறக்கியிருப்பாள். இதற்கு எங்கேயிருந்து தொடங்குவது? இருந்தாலும் ரத்தத்தில் ஊறினது விடுமா. "கல்யாணம் முடிஞ்ச பெறவு சொல்லிருதேன்" என்றாள்.

"இல்ல மதினி."

"நிச்சயம் மட்டும் முடியட்டும். மறுநாளே சொல்லுதேன்."

"மதினி, இது ஃபிக்ஸட் ரேட்."

அந்த நேரம் பார்த்துச் சந்திரிகா சாப்பாட்டுக் கேரியரோடு படியேறினாள். மேற்கு மாம்பலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறாள். வீடு பக்கத்திலேயே என்பதால் மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு. வருங்கால மாமியாரைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள். "என்னம்மா, என்ன ஆச்சு?"

சம்பந்தம் முறிவதும் நிலைப்பதும் இப்போது ஒரு வார்த்தையில் இருந்தது. இசக்கியம்மாள் அந்த வார்த்தையைத் தேடினாள். உள்ளே இருந்தாவ என்று சொன்னால், எதுக்குள்ளே என்று கேட்பாள். தண்டனைக் கைதி என்றால் கோர்ட் குமாஸ்தா வாசிக்கிற மாதிரி இருக்கிறது. எதிரி என்று சொல்லவே கூடாது. கடையின் மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை இல்லாத கலர் இல்லை. அவள் வாய்க்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

"அது வந்து, ஏட்டி..." என்றாள்.

ஜவஹர் எழுந்து முன்னால் வந்தார். "நான் பாளையங்கோட்டை ஜெயில்ல கைதியா இருந்தேம்மா" என்றார். "சண்டையில ஒரு ஆளத் தள்ளிட்டேன். அவன் செத்துப்போனான். பம்பாய்க்கு நான் போனதே இல்ல."

சந்திரிகா கேரியரைக் கல்லா மேசை மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"போனதே இல்லியா?"

"இல்ல."

"அப்ப அங்க யாரும் இல்லியா?"

"யாரும்மா?"

"வேற வீடு. வேற அம்மா. வேற பிள்ளைக."

இசக்கியம்மாள், மகள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் அவள் வாயையே பார்த்தாள்.

"பம்பாய்ல அத்தன வருஷம் இருந்தவருக்கு இந்தில பத்து வரைக்கும் எண்ணத் தெரியல" என்றாள் சந்திரிகா. "ஒரு லெட்டர் கெடையாது, ஒரு போட்டோ கெடையாது. கேட்டா நீ எரிஞ்சு விழுவ. நான் என்ன நெனைக்க? அங்க ஒரு குடும்பம் இருந்திருக்கு, அவங்க வெரட்டிட்டாங்க, போக்கிடம் இல்லாம இங்க வந்துட்டாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது நெனச்சேன்." அப்பா பக்கம் திரும்பினாள். "ஜெயில்தானா?" என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இசக்கியம்மாள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரார் போட்ட பெயரையெல்லாம் உதறிவிட்டு, நல்ல கலர் என்று அவள் எடுத்த துணி பம்பாய். அதுதான் சாயம் விட்டு, உள்ளே இருந்த எல்லாவற்றையும் கறையாக்கியிருக்கிறது. தகப்பனிடம் பேசாத பெண்ணைக் கூச்சக்காரி என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். கைதியின் மகள் என்று தெரிந்தே வளர்ந்திருந்தால் இவள் ஒருவேளை அப்பாவோடு சண்டையாவது போட்டிருப்பாள்.

ராம்குமார் என்ன செய்வதென்று தெரியாமல் துணிகளை மடிக்க ஆரம்பித்தான். எல்லாவற்றையும் கோணலாகவே மடித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, பசி என்கிற ஒன்று இருப்பதை ஜவஹர்தான் ஞாபகப்படுத்தினார். இசக்கியம்மாள் பழக்க தோஷத்தில் எழுந்து பாதி ஷட்டரை இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டதுமே ஜவஹர் தட்டை எடுத்துக்கொண்டு குனிந்து வெளியே போனார். இதுவரை அவர் சாப்பிட்ட கையோடு பீடி குடிக்கத்தான் வெளியே போகிறார் என்று நினைத்திருந்த சந்திரிகா, ஷட்டரைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு தன் தட்டோடு அவளும் குனிந்து வெளியே போய், ஷரஃபுதீனின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். "ரசம் போதுமாப்பா?" என்று அவள் கேட்பது உள்ளே கேட்டது.

ஷரஃபுதீன் டீ கிளாஸ்களோடு வந்து பார்த்தார். தன் ஸ்டூலில் கல்யாணப் பெண், உள்ளே ஆளாளுக்கு ஒரு திசையில் மூஞ்சி. "இன்னாக்கா, யாராச்சும் பூட்டாங்களா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"யாரும் போகல பாய். டீயக் குடுங்க."

தேவானை டீயை ஆற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "அந்த மயில்கழுத்து?" என்றாள். இசக்கியம்மாள் மேல் தட்டிலிருந்து அதை இறக்கி விரித்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது. கிழிப்பதற்குக் கையை வைத்தவள், கொஞ்சம் யோசித்து நிமிர்ந்தாள்.

"மதினி, நீங்க எதிர்பாத்தது அது ஒண்ணுதான? வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள் இசக்கியம்மாள். "சும்மா கேட்டேன்."